ஃப்யூல் பிரஷர் சொலினாய்டு: பழைய பெட்ரோல் கார்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலையில் வண்டி ஒரே செல்ஃபில் எடுக்கிறது. சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றம் ஏறி தர்மபுரி வந்து, ஒரு டீ குடித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இஞ்சின் எடுக்க மாட்டேன் என்கிறது. ஒருவழியாக எடுத்தாலும் கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டுத்தான் நிதானத்துக்கு வருகிறது. ஒகேனக்கல் போய்விட்டு வெயிலில் பென்னாகரம் ஏறி நிறுத்தினாலும் இதே கதைதான். இன்னும் சிலருக்கு ஸ்டார்ட்டிங்கில் பிரச்சினை இல்லை. ஆனால் ஐடிலிங்கில் பெட்ரோல் வாடை, சைலன்சர் வாயில் கரி, மைலேஜ் சரிவு.

இந்த இரண்டு புகாருக்கும் பின்னால் ஒரே சின்னப் பொருள் இருக்கலாம்: ஃப்யூல் பிரஷர் கண்ட்ரோல் சொலினாய்டு, அதாவது கரண்டில் வேலை செய்யும் ஒரு சின்ன வால்வு. "அதைப் பைபாஸ் பண்ணிட்டா சரியாப் போயிடும் அண்ணா" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பைபாஸ் என்றால் சொலினாய்டை விட்டுவிட்டு ஹோஸை நேராக மாட்டுவது. சில நேரம் சரியாகும், சில நேரம் ஆகாது. எதற்குச் சரியாகும், எதற்கு ஆகாது என்று தெரிந்துகொண்டால் வீண் செலவு மிச்சம். 1990களின் கடைசியிலும் 2000களின் முதல் பாதியிலும் வந்த எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) பெட்ரோல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி, பானட்டைத் திறந்து பார்க்கப் பழகிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ரெகுலேட்டர்

சொலினாய்டைப் புரிந்துகொள்ள, அது யாருக்கு வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். டேங்கில் இருக்கும் பம்ப் பெட்ரோலைத் தள்ளுகிறது. ஃபில்டர் தாண்டி அது இஞ்சின் மேல் இருக்கும் ஃப்யூல் ரெயிலுக்கு வருகிறது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வரிசையாகச் செருகியிருப்பது அந்த ரெயிலில்தான். ரெயிலின் ஒரு முனையில் உருண்டையான ஓர் உலோக டப்பா இருக்கும். அதுதான் பிரஷர் ரெகுலேட்டர். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் டயாஃபிரம் (சவ்வு). தேவைக்கு மேல் வரும் பெட்ரோலை அது ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திருப்பி அனுப்பிவிடும்.

அந்த டப்பாவின் தலையில் ஒரு சின்ன மூக்கு இருக்கும், அதில் மெல்லிய வேக்கம் (உறிஞ்சல்) ஹோஸ் ஒன்று மாட்டியிருக்கும். ஏன் அது? இன்ஜெக்டரின் நுனி இருப்பது இன்டேக் மேனிஃபோல்டுக்குள், அதாவது இஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்க்குள். ஐடிலிங்கில் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல் பலமாக இருக்கும். அந்த உறிஞ்சலும் சேர்ந்து இன்ஜெக்டரிலிருந்து பெட்ரோலை இழுக்கும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் அந்த உறிஞ்சல் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை வைத்துத்தான் இசிஎம் (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலை அளக்கிறது. ஒரே நேர அளவுக்கு ஒரு சமயம் அதிகம், ஒரு சமயம் குறைவு என்று பெட்ரோல் போனால் அந்தக் கணக்கு தப்பிவிடும். அதனால் மேனிஃபோல்டில் உறிஞ்சல் எவ்வளவு கூடுகிறதோ, அதே அளவுக்கு ரெகுலேட்டர் பெட்ரோல் பிரஷரைக் குறைக்கிறது.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இந்த வகை வண்டிகள் பலவற்றில் ரெகுலேட்டர் ஸ்பிரிங் சுமார் 3 பார் பிரஷருக்கு அமைக்கப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் வழக்கில் இதுதான் '3 கிலோ'. ஐடிலிங்கில் உறிஞ்சல் ஏறக்குறைய 0.6 பார். எனவே கேஜில் 2.4 பார் அளவு காட்டும். வேக்கம் ஹோஸைக் கழற்றினால் 3 பாருக்கு ஏறும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தமே குறைவு. ஐடிலிங் உறிஞ்சலும் 0.1 பார் அளவுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். அதே வண்டியைச் சென்னையில் பார்த்ததைவிட ஓசூரில் ஐடிலிங் பிரஷர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், அது கோளாறு இல்லை.

சொலினாய்டு என்ன செய்கிறது

சில வண்டிகளில் அந்த வேக்கம் ஹோஸ் மேனிஃபோல்டிலிருந்து நேராக ரெகுலேட்டருக்குப் போகாது. நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பொருள் இருக்கும். இரண்டு ஹோஸ் மூக்கு, இரண்டு ஒயர் கொண்ட ஒரு கப்ளர், காற்று உள்ளே வர ஒரு சின்ன ஃபில்டர் வாய். இதுதான் நாம் பேசும் சொலினாய்டு.

கரண்ட் இல்லாத நிலையில் மேனிஃபோல்டும் ரெகுலேட்டரும் இதன் வழியாக ஒன்றோடொன்று இணைந்திருக்கும். அதாவது சும்மா ஒரு ஹோஸ் போல. கரண்ட் வந்ததும் மேனிஃபோல்டு பக்கம் அடைபட்டு, ரெகுலேட்டர் பக்கம் வெளிக்காற்றோடு இணையும். அப்போது ரெகுலேட்டருக்கு உறிஞ்சல் கிடைக்காது, பிரஷர் 2.4-லிருந்து 3 பாருக்கு ஏறும்.

இது எப்போது தேவை? சூடான இஞ்சினை நிறுத்தினால் ஃபேன் காற்றும் இல்லை, கூலன்ட் ஓட்டமும் இல்லை. பானட்டுக்குள் சூடு உடனே குறையாது, முதலில் ஏறும். பெட்ரோலில் இருக்கும் லேசான பகுதிகள் திறந்த நிலையில் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்குபவை. ரெயிலுக்குள் பிரஷர் இருக்கும் வரை அவை தாக்குப்பிடிக்கும். பிரஷர் கசிந்து இறங்கிவிட்டால் ஆவிக் குமிழ்கள் உருவாகும். திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜெக்டரிலிருந்து பெட்ரோலுக்குப் பதில் பாதி ஆவிதான் வரும். அந்த நேரத்தில் இசிஎம் கூலன்ட் சூட்டைப் பார்த்து, சொலினாய்டுக்குக் கரண்ட் கொடுத்துப் பிரஷரை ஏற்றுகிறது. குமிழ்கள் அமுங்கி, கூடுதல் பெட்ரோல் போய், இஞ்சின் எடுக்கிறது. சில நிமிடங்களில் கரண்டை நிறுத்திவிடும். அப்புறம் அடுத்த சூடான ஸ்டார்ட் வரை இதற்கு வேலையே இல்லை.

பைபாஸ் எதைத் தீர்க்கும்

சொலினாய்டு இரண்டு விதமாகக் கெடும். கெட்ட விதத்தைப் பொறுத்துத்தான் பைபாஸ்.

உள்ளே இருக்கும் காயில் (ஒயர் சுருள்) எரிந்துபோனாலோ ஒயர் அறுந்துபோனாலோ அது எப்போதும் 'சும்மா ஒரு ஹோஸ்' நிலையிலேயே இருந்துவிடும். வண்டி எல்லா நேரமும் நன்றாக ஓடும், சூட்டில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் இழுக்கும். இந்த வண்டியில் பைபாஸ் செய்தால் ஒரு மாற்றமும் வராது, ஏனென்றால் அது ஏற்கெனவே பைபாஸ் ஆன நிலையில்தான் இருக்கிறது. சூட்டு ஸ்டார்ட்டிங் பிரச்சினைக்குப் பைபாஸ் மருந்து என்று நம்பி ஹோஸை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்களுக்குத் தேவை வேறு நல்ல சொலினாய்டு, அல்லது ஒயரிங் வேலை.

உள்ளே அழுக்குப் பட்டு வால்வு காற்றுப் பக்கமே சிக்கிக்கொண்டால் பிரஷர் எப்போதும் 3 பாரிலேயே நிற்கும். ஐடிலிங்கில் பெட்ரோல் அதிகம், வாடை, கரி, மைலேஜ் குறைவு. சொலினாய்டு உடம்பில் விரிசல் விழுந்து காற்று இழுத்தாலும் இதே மாதிரி தொல்லைதான், கூடவே ஐடிலிங் ஏறி இறங்கும். இந்த வகைக்குத்தான் பைபாஸ் பலன் தரும்.

தொடங்கும் முன்

வேலையை இஞ்சின் ஆறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேக்கம் ஹோஸ் பைபாஸுக்குப் பெட்ரோல் லைனைத் திறக்க வேண்டியதே இல்லை, அதனால் புதியவர்களும் தைரியமாகச் செய்யலாம். கேஜ் மாட்டிப் பிரஷர் பார்ப்பது வேறு விஷயம். அதற்கு லைனைத் திறந்தாக வேண்டும்; பிரஷரை இறக்காமல் திறந்தால் பெட்ரோல் பீறிட்டுச் சூடான சைலன்சர் மேனிஃபோல்டில் விழும். கேஜ் வேலையைப் பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

உங்கள் வண்டியில் இந்தப் பொருள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரெகுலேட்டர் மூக்கில் இருக்கும் ஹோஸை விரலால் பிடித்துக்கொண்டே அது போகும் வழியில் போங்கள். நேராக மேனிஃபோல்டில் போய் முடிந்தால் உங்கள் வண்டியில் இந்தச் சொலினாய்டு கிடையாது. நடுவில் சொலினாய்டு வந்தால், அதுதான். ஹோஸைப் பின்தொடராமல் பார்வையாலேயே முடிவு செய்யாதீர்கள்; இஜிஆருக்கும் (புகையில் கொஞ்சத்தை இஞ்சினுக்கே திருப்பி அனுப்புவது) கானிஸ்டருக்கும் (டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) இதே முகஜாடையில் சொலினாய்டுகள் பக்கத்திலேயே இருக்கும். ரெயிலில் ரெகுலேட்டரே தென்படவில்லை, ரிட்டர்ன் லைனும் இல்லை என்றால் அது டேங்குக்குள்ளேயே ரெகுலேட்டர் வைத்த வகை. பிந்தைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான். அவற்றுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

ஹோஸை முகர்ந்து பாருங்கள்

எந்தப் பைபாஸுக்கும் முன் இதைச் செய்யாமல் விடக் கூடாது. இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ரெகுலேட்டர் மூக்கிலிருந்து ஹோஸை மெல்லத் திருகிக் கழற்றுங்கள். பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும், பிடித்து இழுத்தால் மூக்கு உடைந்துவிடும். ஹோஸின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்து முகருங்கள். மூக்கின் ஓட்டையில் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

உலர்ந்திருந்தால் நல்லது. ஹோஸுக்குள் ஈரமாகப் பெட்ரோல் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃபிரம் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். பெட்ரோல் அந்த மெல்லிய ஹோஸ் வழியாகவே மேனிஃபோல்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் சொலினாய்டைப் பைபாஸ் செய்தால் பெட்ரோலுக்கு வழி இன்னும் நேராகிவிடும். அங்கேயே நிறுத்திவிட்டு ரெகுலேட்டரை மாற்றுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்கு இதுவே காரணமாக இருப்பதும் உண்டு; ஆவி அடைப்பால் அல்ல, இஞ்சின் பெட்ரோலில் மூழ்கியதால். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடித்தால் எடுத்து, கரும்புகை கக்கினால் அது மூழ்கிய வண்டி.

இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கலவையை மனதில் வைத்து நாம் பேசும் இந்தப் பழைய வண்டிகளின் ரப்பர் செய்யப்படவில்லை. பழைய வண்டி வாங்கியவர்கள் ஹோஸ்களையும் டயாஃபிரத்தையும் அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது.

சூட்டு ஸ்டார்ட்டிங்குக்கு ஒரு சோதனை

கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடியது இது. வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்குங்கள். காவேரிப்பட்டினத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை ஒரு நடை போய்வந்தால் போதும். நிறுத்திக் கால் மணி நேரம் விடுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரெகுலேட்டர் மூக்கிலிருந்து ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை ஒரு போல்ட்டால் அடையுங்கள். மூக்கு திறந்தே இருக்கட்டும். சூடான பாகங்களில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கலாம். இப்போது செல்ஃப் அடியுங்கள்.

சொலினாய்டு செய்ய வேண்டிய வேலையை நீங்கள் கையால் செய்துவிட்டீர்கள். வண்டி டக்கென்று எடுத்து நடுங்காமல் நின்றால் சொலினாய்டு அல்லது அதன் ஒயரிங்தான் பிரச்சினை. அப்போதும் இழுத்தால் வேறு இடத்தில் தேடுங்கள்: பம்ப், பம்புக்குள் இருக்கும் செக் வால்வு (பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாமல் தடுப்பது), சொட்டும் இன்ஜெக்டர், கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். சாவியை ஆன் செய்து பம்ப் சத்தம் அடங்கியதும் ஆஃப் செய்து, இப்படி இரண்டு மூன்று தடவை செய்த பிறகு செல்ஃப் அடித்தால் எடுக்கிறது என்றால், நின்ற வண்டியில் பிரஷர் இறங்கிப்போகிறது என்று பொருள். சோதனை முடிந்ததும் ஹோஸை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

சொலினாய்டைச் சோதிப்பது

கப்ளரைக் கழற்றி, சாவியை ஆனில் வைத்து மல்டிமீட்டரில் பாருங்கள். ஒரு முனையில் பேட்டரி வோல்ட் வர வேண்டும். இன்னொரு முனையை இசிஎம் தேவைப்படும்போது எர்த் செய்யும். அந்த ஒயரில் பேட்டரி பிளஸைத் தொடவே கூடாது, இசிஎம் போய்விடும்.

அப்புறம் சொலினாய்டைக் கழற்றி அதன் இரண்டு முனைகளுக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். பல வண்டிகளில் 30 முதல் 50 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் போய்விட்டது. மூக்கில் வாய் வைத்து ஊதினால் அடுத்த மூக்கு வழியாகக் காற்று வர வேண்டும். பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தால் 'டிக்' என்று சத்தம் வந்து அந்த வழி அடைபட வேண்டும், ரெகுலேட்டர் பக்கத்து மூக்கில் ஊதினால் ஃபில்டர் வழியாகக் காற்று போக வேண்டும். சிலவற்றில் உள்ளே டயோடு இருக்கும். பிளஸ், மைனஸ் மாறாமல், வண்டியில் எந்த முனைக்கு எது வந்ததோ அதே மாதிரி கொடுங்கள். 'டிக்' சத்தம் வருகிறது என்பதற்காக நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். சத்தம் வந்தும் வால்வு சரியாக அடையாமல் கசிவதுண்டு, ஊதிப் பார்த்தால்தான் தெரியும்.

பைபாஸ்

வால்வு காற்றுப் பக்கம் சிக்கியிருக்கிறது, அல்லது உடம்பில் விரிசல் என்று உறுதியானால்:

1. இஞ்சினை நிறுத்தி, சொலினாய்டிலிருந்து இரண்டு ஹோஸையும் கழற்றுங்கள். எது மேனிஃபோல்டு, எது ரெகுலேட்டர் என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

2. மேனிஃபோல்டிலிருந்து ரெகுலேட்டருக்கு நேராக ஒரே புது வேக்கம் ஹோஸ் போடுங்கள். பெட்ரோலும் சூடும் தாங்கும் ஹோஸாக இருக்க வேண்டும். சைக்கிள் வால்வு டியூப், மீன் தொட்டிக் குழாய், குளுக்கோஸ் டியூப் எதுவும் வேண்டாம். சூட்டில் இளகி, உறிஞ்சலில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ரெகுலேட்டருக்கு உறிஞ்சல் சரியாகப் போகாது, வந்த தொல்லையே திரும்ப வரும்.

3. சொலினாய்டைக் கப்ளரோடு அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். காயில் நன்றாக இருந்தால் இசிஎம்முக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கப்ளரைக் கழற்றிவிட்டால் செக் லைட் எரியலாம்.

4. ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கைக் கவனியுங்கள். ஸ்ஸ்ஸ் என்ற சத்தம் எங்கேயும் வரக் கூடாது. ரெகுலேட்டர் ஹோஸை ஒரு நொடி கழற்றினால் இஞ்சின் சத்தம் மாற வேண்டும், விரலில் உறிஞ்சல் தெரிய வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு முறையும் பட்டறைகளில் நடக்கிறது. மேனிஃபோல்டு பக்கத்தைப் போல்ட் போட்டு அடைத்துவிட்டு, ரெகுலேட்டர் மூக்கைத் திறந்தபடி விட்டுவிடுவார்கள். சூட்டில் வண்டி டக்கென்று எடுக்கும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் அன்றிலிருந்து பிரஷர் நிரந்தரமாக 3 பார். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் இசிஎம் ஓரளவு சமாளித்துக் குறைக்கும், எல்லா நேரமும் முடியாது. பெட்ரோல் வீணாகும், பிளக்கில் கரி படியும், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். புகைச் சான்றிதழ் எடுக்கும்போதும் சிக்கல். இதைச் சோதனைக்கு ஒரு நிமிடம் செய்யலாம், அப்படியே விட்டுவைக்கக் கூடாது. உங்கள் வண்டியில் யாராவது அப்படிச் செய்து வைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.

சரியான பைபாஸ் செய்த வண்டி மற்ற நேரமெல்லாம் இயல்பாக ஓடும். சூட்டில் எடுப்பதற்கு மட்டும் உதவி இருக்காது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது தெரியத்தான் செய்யும். சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து பம்பை ஓடவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நிறுத்தும் இடத்தில் பானட்டைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலும் சூடு வெளியேறும்.

டீசல் வண்டிக்காரர்கள் இதைச் செய்யாதீர்கள்

காமன் ரெயில் டீசலிலும் பிரஷர் கண்ட்ரோல் வால்வு என்று ஒன்று உண்டு. பெயர் ஒத்துப்போவதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். நாம் மேலே பேசியது 3 பார். காமன் ரெயிலில் 1,600 பாருக்கு மேலும் போகும். அந்த வால்வு ஹோஸ் வழியாக உறிஞ்சலை மாற்றுவதில்லை, டீசலையே அளக்கிறது. கப்ளரைக் கழற்றினால் சிலவற்றில் அது முழுதாகத் திறந்துகொள்ளும், சிலவற்றில் முழுதாக மூடிக்கொள்ளும். வண்டி நின்றுபோகலாம், அல்லது பிரஷர் எக்குத்தப்பாக ஏறலாம். ஓடும் இஞ்சினில் அந்த லைனை லேசாகத் தளர்த்தினாலும் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் வண்டிகளிலும் ஹை பிரஷர் பக்கம் கை வைக்காதீர்கள். இவற்றில் பைபாஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள்.

வேறு சொலினாய்டு வாங்கும்போது

பழைய மாடல்களுக்குப் புதிது கிடைப்பது சிரமம். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பெங்களூரு ஜேசி ரோடு பக்கம். சென்னை போகிறவர்கள் புதுப்பேட்டையில் பழைய பாகங்களாகத் தேடலாம். கழற்றிய சொலினாய்டைக் கையோடு எடுத்துப் போங்கள். மேலே இருக்கும் எண், கப்ளரின் வடிவம், மூக்குகள் இருக்கும் திசை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். உருவம் ஒன்றாக இருந்தும் உள்வேலை வேறாக இருப்பதுண்டு: இரண்டு மூக்கு மட்டும் கொண்ட, காற்று வாய் இல்லாத கானிஸ்டர் சொலினாய்டை இதற்கென்று கொடுத்துவிடுவார்கள். கடையிலேயே கரண்ட் இல்லாமல் ஒருமுறை ஊதிப் பாருங்கள், காற்று அடுத்த மூக்கில் வர வேண்டும். பிறகு கடைக்காரரிடம் 12 வோல்ட் பேட்டரி கேட்டு, கரண்ட் கொடுத்து ரெகுலேட்டர் பக்கம் ஊதுங்கள். ஃபில்டர் வாயில் காற்று வந்தால் பணத்தைக் கொடுங்கள்.